துறை இல்லாத துறைமுக ஊர்

சென்னையின் பழைய துறைமுக ஊருக்குள் நிலத்தின் பக்கமிருந்து நுழையும் வாசல்களில் ஒன்று யானைக்கவுனி. கடல் அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். வாசல் இடிந்து பல தலைமுறை ஆகிறது. ஒரு தெருவும் ஒரு காவல் நிலையமும் ரயில் பாதைக்கு மேலே போகும் ஒரு பாலமும் அதன் பெயரை வைத்துக்கொண்டிருக்கின்றன. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை அன்று கருப்பர் நகரம் எனப்பட்ட இந்த ஊருக்குள் புகுந்து, அடுத்த பிப்ரவரி வரை அங்கேயே தங்கிப் புனித ஜார்ஜ் கோட்டையைத் தாக்கியது. ஹைதர் அலியின் குதிரைப் படையும் பிற்பாடு நகரத்தின் விளிம்பு வரை வந்துபோனது. இந்த அச்சத்தில் எழும்பியதுதான் அந்த வாசல் இருந்த மதில். கட்டும் ஒப்பந்தம் பால் பென்ஃபீல்டு என்பவருக்குக் கிடைத்தது; அவர் அதிலும் அதன்பின் ஆற்காட்டு நவாபுக்குக் கொடுத்த கடன்களிலும் பெரும் பணம் பார்த்தவர். மதிலுக்கான செலவை உள்ளே குடியிருப்பவர்களிடமே வரியாக வாங்குவது என்று கிழக்கிந்தியக் கும்பினி நினைத்தது. வசூல் நடக்கவில்லை. வரி போய்விட்டது, வால்டாக்ஸ் சாலை இருக்கிறது. சென்ட்ரலிலிருந்து வடக்கே லாரி புக்கிங் ஆபீஸ்களின் முன்னால் மூட்டைகளுக்கு இடையே நடந்துபோகிறவர் மதிலின் மேற்குப் பக்கம் ஓடிய கோட்டிலேயே நடக்கிறார். மதிலின் ஒரு துண்டு வடக்கே பழைய ஜெயில் சாலைப் பக்கம் தப்பித்து நிற்கிறது. அதன் தலையில் பூங்கா வைத்துவிட்டதால் ஊரார் அதை மாடிப் பூங்கா என்கிறார்கள்.

கவனிக்க வேண்டியது, மதில் வடக்கிலும் மேற்கிலும்தான் கட்டப்பட்டது. கிழக்கே கட்டவில்லை. அந்தப் பக்கத்துக் காவலில் பெரும் பங்கை அலையே பார்த்துக்கொண்டது.

துறைமுக ஊர் என்று உலகம் கொண்டாடும் இடங்களின் அமைப்பு இதற்கு நேர் எதிரானது. கிரேக்கத்தின் ஹைட்ரா தீவில் மலை கடலை அணைத்தபடி வளைந்து நிற்கிறது. நடுவே நீர், சுற்றிலும் படிப்படியாக ஏறும் கல்வீடுகள். 1821இல் தொடங்கிய விடுதலைப் போருக்குக் கப்பல் கொடுத்த மாலுமிச் செல்வர்களின் மாளிகைகள் இன்றும் துறையைப் பார்த்தபடிதான் நிற்கின்றன. கடற்பஞ்சு குளிப்போர் வாழ்ந்த சீமித் தீவும் அப்படித்தான். கப்பலிலிருந்து இறங்குகிற பயணி ஊரின் முகத்துக்கு எதிரே இறங்குகிறார். அங்கே இயற்கை துறையைக் கொடுத்தது, துறை ஊரைக் கொடுத்தது. சென்னையில் ஊர் முதலில் வந்தது. துறைமுகம் வர இரண்டரை நூற்றாண்டு பிடித்தது. வந்த துறைமுகம் ஊருக்கும் கடலுக்கும் நடுவே நின்றுகொண்டது. வடசென்னையைத் துறைமுக ஊராகப் பார்க்கப் போகிறவர் இந்தத் தலைகீழ் வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் எதை எங்கே தேடுவது என்று பிடிபடும்.

1639இல் கும்பினியின் பிரான்சிஸ் டே இந்த இடத்தைத் தேர்ந்தபோது கப்பல் ஒதுங்க ஒரு வளைவுகூட இங்கே இல்லை. நேராக ஓடும் மணற்கரை, அதன் முன்னால் ஓயாத அலைத்தொடர். அவர் பார்த்தது துணியை. சுற்றுவட்டாரத்தில் துணி மலிவாகக் கிடைத்தது என்பது காரணம். பக்கத்துச் சாந்தோமில் அவருக்கு ஒரு காதலி இருந்தாள் என்பது அன்றிலிருந்து ஓயாத வம்பு. இரண்டில் எது உண்மையானாலும் கடலின் குணம் அவர் முடிவில் கணக்கில் வரவில்லை என்பது மட்டும் தெளிவு. அந்த முடிவுக்கான விலையைப் பின்னால் கொடுத்தவர்கள் படகோட்டிகள்.

யானைக்கவுனிக்கும் ஒரு துறை இருந்தது, ஆனால் அது கடல்துறை அல்ல. 1806இல் பேசில் காக்ரேன் என்ற ஒப்பந்தக்காரர் எண்ணூரிலிருந்து சென்னை வரை உப்புநீர்க் கால்வாய் ஒன்றை வெட்டினார். கடற்கரைக்கு இணையாக ஓடிய அந்தக் கால்வாய் யானைக்கவுனிக்கு அருகே ஒரு படகுத் தேக்கத்தில் முடிந்தது. பேசின் பிரிட்ஜ் என்று இன்று ரயில் பயணிகள் சலிப்போடு உச்சரிக்கும் இடம் அதுதான். எண்ணூர் உப்பளங்களின் உப்பு, பழவேற்காட்டுப் பக்கத்துக் கிளிஞ்சல், சவுக்கு விறகு எல்லாம் கொம்பு ஊன்றித் தள்ளிய படகுகளில் வந்து இறங்கின. உப்பு இறங்கிய கிடங்கு பிற்பாடு சால்ட் கொட்டார்ஸ் என்ற ரயில்வே சரக்கு முனையமானது. 1876-78 பஞ்சத்தின்போது பட்டினியில் வந்தவர்களைக் கூலிக்கு அமர்த்தி அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டு வெட்டப்பட்டது. முழுக் கால்வாய்க்கும் அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வைத்தார்கள். வெட்டியவர்கள் பெயர் எதற்கும் வைக்கப்படவில்லை. ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீளத்துக்குப் படகு ஓடிய பாதை அது. 1960களின் புயல்கள் கால்வாயைப் பல இடங்களில் சிதைத்தன. ரயிலும் லாரியும் சரக்கை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தன. இன்று அதில் ஓடுவது சாக்கடை. சௌகார்பேட்டையின் மார்வாடி, குஜராத்திக் கடைத்தெருக்களில் ஜிலேபிக்கும் முறுக்கு சாண்ட்விச்சுக்கும் கூட்டம் கூட்டமாக வருகிறவர்களில் பத்து நிமிட நடையில் ஒரு பழைய நீர்த்துறை இருந்ததை அறிந்தவர் அபூர்வம்.

தங்கசாலையைக் கடந்து கிழக்கே போனால் தெருக்கள் மெல்லக் கடலின் வாசனைக்கு வருகின்றன. வருவது மீன் வாசனை அல்ல. காகிதம், மிளகாய், இரும்பு, சணல். மொத்த வியாபாரத்தின் வாசனை. கடற்கரையை ஒட்டிய முதல் வரிசையில் சுங்க மாளிகை, தலைமை அஞ்சலகம், வங்கிகள். இவை எல்லாம் கடலைப் பார்த்துக் கட்டப்பட்டவை. இப்போது ராஜாஜி சாலையையும் ரயில் பாதையையும் துறைமுகத்தின் நீண்ட சுவரையும் பார்க்கின்றன. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் அந்தச் சாலையோரம் கடை போட்டது பர்மா பஜார் ஆயிற்று; அவர்கள் கொண்டுவந்த அத்தோ இன்று வடசென்னையின் சொந்தச் சாப்பாடு. துறைமுகம் ஊருக்குக் கொடுத்தவற்றில் ருசியானது இதுதான்.

கொஞ்சம் தெற்கே உயர் நீதிமன்ற வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. அது கலங்கரை விளக்கம். 1844 ஜனவரி 1 அன்று ஏற்றப்பட்டது. வடிவம் கிரேக்கக் கோயில்களின் டோரிக் தூண். விளக்கு அங்கிருந்து 1894இல் நீதிமன்றக் கோபுரத்துக்கும் 1977இல் மெரினாவுக்கும் இடம் மாறியது. தூண் மட்டும் வேலையில்லாமல் நிற்கிறது. ஏஜியன் கடலோரத்து வடிவம் ஒன்று வங்கக் கடலோரம் வந்து கப்பல்களுக்கு வழிகாட்டியது என்பது விசித்திரம்தான். எதிர்த் திசையில் போன செய்தி இன்னும் பழையது. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் வணிகக் கையேடான பெரிப்ளூஸ், இந்தக் கரையில் மரங்களைப் பிணைத்துச் செய்த பெரிய கலங்களைக் குறிப்பிடுகிறது. பதினெட்டு நூற்றாண்டுக்குப் பின்னும் அதே கரையில் பிணைத்த மரமும் தைத்த பலகையுமே கடலைக் கடந்தன.

அந்தக் காலத்துச் சென்னையில் கரையேறுவது என்பது கப்பல் கரைக்கு வருவதல்ல. கப்பல் கடலில் ஒன்றிரண்டு மைல் தள்ளி நங்கூரம் போடும். மற்றதெல்லாம் மசூலாப் படகின் கையில். அதன் பலகைகள் ஆணியால் அறையப்பட்டவை அல்ல, தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை தூக்கி மணலில் போடும்போது ஆணி அடித்த ஐரோப்பியப் படகு பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். தையல் இடைவெளியில் நீர் கசிந்தபடியே இருக்கும், ஒருவர் இறைத்துக்கொண்டே வர வேண்டும். பத்துப் பேர் அளவில் துடுப்புப் போட, பின்னால் தண்டேல் திசை பிடிப்பார். வரிசையாக வரும் அலைகளில் எதை விடுவது, எதன் முதுகில் ஏறுவது என்று கணித்து அவர் குரல் கொடுக்கும் கணத்தில்தான் எல்லாம் இருந்தது. கூடவே கட்டுமரங்கள் வரும், விழுந்தவர்களைத் தூக்க. கடல் கொந்தளித்து மசூலா இறங்க முடியாத நாட்களில் கட்டுமரக்காரர் தனியாகப் போவார். பனையோலையில் நீர் புகாதபடி முடைந்த தொப்பிக்குள் கடிதங்களை வைத்துக் கட்டிக்கொண்டு கப்பலுக்குச் சேர்ப்பார். ஆளுநர்களும் அவர்களின் மனைவிமார்களும் பியானோக்களும் குதிரைகளும் இந்தியாவுக்குள் வந்தது இவர்கள் தோளிலும் துடுப்பிலும்தான். வெள்ளைக்காரப் பயணிகளின் குறிப்புகளில் படகோட்டிகள் நனைத்தார்கள், கூலிக்கு அடம்பிடித்தார்கள் என்ற புலம்பல் ஏராளம். உயிரைப் பணயம் வைத்த வேலைக்குக் கூலி பேசுவதைப் புகாராக எழுதும் துணிச்சல் பயணிகளுக்கு எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது.

படகை நம்பாமல் இருக்க வழி தேடியதன் விளைவு 1860களின் தொடக்கத்தில் கடலுக்குள் நீட்டிய இரும்புப் பாலம். புயலில் நங்கூரம் அறுந்த கப்பல்கள் அதன்மேல் மோதி உடைத்தன. பிறகு துறைமுகமே கட்டுவது என்று முடிவாகி, 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். வில்லியம் பார்க்ஸின் வரைபடப்படி கரையிலிருந்து இரண்டு கல் கரங்கள் கடலுக்குள் போய் கிழக்கே வாய் திறந்தன. வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர் 12 அன்று வந்த புயல் கரங்களில் அரை மைல் அளவுக்கு அள்ளிப் போட்டது. திரும்பக் கட்டி முடிக்க 1890களின் நடுப்பகுதி ஆனது. அதற்குள் வேறொரு சிக்கல் தெரிய ஆரம்பித்திருந்தது. அது புயலைப் போல ஒரே இரவில் வருவதல்ல.

இந்தக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதியில் அலை அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகிறது. வாடைக் காலத்தில் சில மாதம் திருப்பித் தள்ளுகிறது. மொத்தக் கணக்கில் வடக்கு நோக்கிய பயணமே மிஞ்சும். துறைமுகத்தின் தெற்குக் கரம் இந்தப் பயணத்தை மறித்தது. மணல் தெற்கே குவிந்தது, குவிந்து நிரம்பிக் கரத்தைச் சுற்றி வாய்க்குள்ளும் புக ஆரம்பித்தது. 1904 முதல் துறைமுகத்தை நடத்திய பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கு வாயை அடைத்து வடகிழக்கில் புது வாய் திறந்துதான் துறைமுகத்தைக் காப்பாற்றினார். இன்றைய சென்னைத் துறைமுகத்தின் தந்தை என்று அவரைச் சொல்வதில் மிகையில்லை. ஆனால் வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. தெற்கே மெரினா அகன்றது. ஆளுநர் கிரான்ட் டஃப் 1880களில் உலாவும் பாதை போட்டு சிசிலி நினைவில் பெயரிட்ட அந்தக் கரை உலகின் அகன்ற நகரக் கடற்கரைகளில் ஒன்றாகிவிட்டது. வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் கரைந்தன. மாலையில் சுண்டல் கொறிக்க மெரினாவுக்குப் போகிற நகரம் கால் வைத்திருப்பது வடசென்னைக்குச் சேர வேண்டிய மணலில். இது அலங்காரமாகச் சொல்வதல்ல, பொறியியல் கணக்கு.

இராயபுரம் படகோட்டிகளின் ஊர். கோட்டையை ஒட்டிய கரையிலிருந்து, நகரம் பெருக்கப் பெருக்க, அவர்கள் வடக்கே மதிலுக்கு வெளியே தள்ளப்பட்டு இங்கே குடியேறினார்கள். அவர்களில் கத்தோலிக்கர்கள் எழுப்பிய புனித இராயப்பர் ஆலயம் ஊருக்கும் பெயர் கொடுத்தது. இராயப்பர் எனப்படும் பேதுருவும் மீன் பிடித்தவர்தான். ஏஜியன் தீவுகளில் மாலுமிகளின் காவலர் புனித நிக்கோலாஸ். அவர் கோயில் இல்லாத துறையைக் காண்பது அங்கே அரிது. துறைமுக ஊர்களுக்கே உரிய கலவையும் இராயபுரத்தில் உண்டு. படகோட்டிகளின் தேவாலயத்திலிருந்து நடக்கும் தூரத்தில் 1910இல் பிரதிஷ்டையான பார்சிகளின் அக்னி கோயில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அது ஒன்றுதான். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. துணைக்கண்டத்தில் இன்னும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய நிலையக் கட்டடம் இதுவே. அதன் முகப்பிலும் கிரேக்கத் தூண்கள், இம்முறை கொரிந்தியப் பாணி. முதலில் சென்ட்ரல், பிறகு எழும்பூர் என்று பயணிகள் போய்விட்ட பிறகு நிலையம் சரக்குக்கும் மின்சார ரயிலுக்கும் மிஞ்சியது.

துறைமுகம் வந்தபின் மசூலா தேவையில்லாமல் போயிற்று. படகோட்டிகளில் பலர் துறைமுகக் கூலிகளானார்கள், மற்றவர்கள் மீனுக்குத் திரும்பினார்கள். 1923 மே 1 அன்று இந்தியாவின் முதல் மே தினத்தைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடிய ம. சிங்காரவேலர் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதும், வடசென்னைக் குப்பங்களில் அவர் பெயரில் நகர்கள் இருப்பதும் தற்செயல் அல்ல. கடலை அறிந்த ஒரு சமூகம் கடலோரத் தொழிலாளியாக மாறிய காலத்தின் மனிதர் அவர்.

சுவருக்குள் இருக்கும் துறைமுகத்தை ஊரார் பார்க்க முடியாது. அனுமதிச் சீட்டு வேண்டும். ஜவஹர், பாரதி, அம்பேத்கர் என்று பெயர் கொண்ட கப்பல் தளங்கள் உள்ளே வரிசையாக இருக்கின்றன. 1983இலிருந்து கன்டெய்னர்கள் இறங்குகின்றன. வெளியே கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக நிற்கின்றன. துறைமுகம் இயங்குகிறது என்பது ஊருக்குத் தெரிவது இந்த நெரிசலில்தான்.

துறைமுக ஊர் என்று சொல்லத்தக்க உயிர், அந்தச் சுவரின் வடக்கு முனைக்கு அப்பால், காசிமேட்டில் இருக்கிறது. மீன்பிடித் துறைமுகம் 1980களில் இயங்கத் தொடங்கியது. அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கே ஏலம் சூடு பிடிக்கும். பத்து நாளுக்கு மேல் கடலில் கிடந்து வந்த விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசி நிற்க, ஐஸிலிருந்து எடுத்த மீன் கூடை கூடையாகக் கைமாறும். வஞ்சிரத்துக்கும் வவ்வாலுக்கும் விலை கேட்பவர் கூட்டம் ஒரு பக்கம்; சங்கரா, பாறை, கடம்பா, நண்டு, இறால் இன்னொரு பக்கம்; காரப்பொடியும் நெத்திலியும் சில்லறை வாங்குகிற பெண்களுக்கு. ஏலம் கூறுகிறவர் தொகையை ஏற்றுகிற வேகத்தில் வெளியூர்க்காரர் காது வைத்துப் பயனில்லை. வாங்குகிறவர் தலையசைப்பிலேயே வியாபாரம் முடிந்திருக்கும். எடுத்த மீனைப் பெண்கள் கூறு கட்டி விற்கிறார்கள், அல்லது ஆட்டோவில் ஏற்றி நகரத்தின் மூலைகளுக்குக் கொண்டுபோகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நகரமே இங்கே வந்து கூடுகிறது. படகின் வருமானத்தில் டீசலும் ஐஸும் சாமானும் கழிந்த பிறகுதான் உரிமையாளருக்கும் ஆட்களுக்கும் பங்கு. மீன் குறைந்தால் பங்கும் குறையும், டீசல் குறையாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது 2017இலிருந்து 61 நாள். அந்த இரண்டு மாதம் ஏலக்களம் சுருங்கி, படகுத் தச்சர்களின் களம் விரிகிறது. படகுகள் மேலே ஏற்றப்பட்டு, பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, எஞ்சின் பிரித்துப் போடப்படும். வரைபடம் இல்லாமல் கண்ணளவிலும் கையளவிலும் மரப் படகு கட்டும் ஆட்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள், ஆனால் புதிதாக இறங்குபவற்றில் இரும்பும் ஃபைபரும் கூடிக்கொண்டு வருகின்றன. கிரேக்கத்தில் இதே மாற்றம் இன்னும் கொடூரமாக நடந்தது: மீன்பிடிப்பைக் குறைக்க ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்த மானியத்தில் உரிமத்தை ஒப்படைத்தவர்களின் மரப் படகுகள் ஆயிரக்கணக்கில் புல்டோசரால் நொறுக்கப்பட்டன. இங்கே யாரும் நொறுக்கவில்லை. மரம் விலை ஏறியது, தச்சரின் மகன் வேறு வேலைக்குப் போனார்.

காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை கரை என்பது கருங்கல். அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளும், கடலுக்குள் நீட்டிய தூண்டில் வளைவுகளும். வளைவுகளுக்கு இடையே கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது; அங்கே ஃபைபர் படகுகள் நிற்கின்றன. மற்ற இடங்களில் குப்பத்து வீட்டு வாசலுக்கும் அலைக்கும் நடுவே பாறை மட்டும். வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் இடமில்லை. பட்டினத்தார் அடங்கிய இடமாகச் சொல்லப்படும் கோயில் திருவொற்றியூர்க் கரையோரம் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் வணிகராக இருந்து எல்லாவற்றையும் விட்டுவந்தவர் என்று மரபு சொல்லும் மனிதரை, கடல் கொண்ட ஊரிலிருந்து கடல் கொண்டிருக்கும் ஊருக்கு வந்தவர் என்றும் சொல்லலாம்.

இன்னும் வடக்கே எண்ணூர். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் கழிமுகம் உள்ளே அகன்று விரிகிறது. சென்னையின் கரையில் இயற்கை தானே செய்துகொடுத்த ஒதுங்கிடம் இது. பிரான்சிஸ் டே தேடாததும் இதுவே. பெரிய கப்பலுக்கு ஆழம் போதாது, கட்டுமரத்துக்கும் கால்வாய்ப் படகுக்கும் போதும். நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம் என்று கழிமுகத்தைச் சுற்றி ஊர்கள் உட்கார்ந்திருக்கும் விதத்தில் ஒரு கிரேக்கத் துறையின் அமைப்பு தெரிகிறது: வீடுகள் நீரைப் பார்க்கின்றன, நீரில் நடப்பது எல்லோருக்கும் தெரிகிறது. இடுப்பளவு நீரில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிப்பவர்கள் இங்கே உண்டு.

இந்த இடத்தை நகரம் பயன்படுத்திய விதம் வேறு. அனல் மின் நிலையங்களின் சாம்பல் கழிமுகத்தின் அடியில் படிந்து ஆழத்தைக் குறைத்தது. நிலக்கரி இறக்குவதற்காகக் கட்டிய எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறந்து பிற்பாடு காமராசர் துறைமுகம் ஆனது. அடுத்த பத்தாண்டில் அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. 2017 ஜனவரியில் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியதில் வடிந்த எண்ணெயை மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள்ளேயே வந்து படகிலும் வலையிலும் அலையாத்தி வேர்களிலும் ஒட்டியது. முகத்துவாரத்தில் மணல் சேர்ந்துகொண்டே இருக்கிறது. தூர்வாரும் மாதங்களில் குப்பத்துப் படகுகள் நேராகக் கடலுக்குப் போகின்றன. தூர்வாராத மாதங்களில் ஆட்கள் நீரில் இறங்கித் தோளால் தள்ளித்தான் படகை மணல்திட்டைக் கடத்துகிறார்கள்.